பதினாலாம் நம்பர் நின்ன எடம்

வாங்க தம்பி, உள்ள வாங்க. இந்தக் குளிர்ல எதுக்குக் கார்லயே உக்காந்திருக்கீங்க? அந்த ஊட்டு ஏஜெண்ட் அம்மா சொன்ன நேரத்துக்கு என்னிக்குங்க வந்திருக்கு? போன வாரமும் ஒரு குடும்பம் ஊடு பாக்க வந்து இப்படித்தான் காத்துக் கெடந்துச்சு. அவங்க வெள்ளக்காரங்க, நான் கூப்பிடல. உங்களப் பாத்ததும் நம்மாளுன்னு தெரிஞ்சுபோச்சு. ஷூவ அங்கயே கழட்டிப்போட்டு வாங்க.

எந்த ஊருங்க? சேலமா? அட, அப்ப பக்கந்தான். நாங்க ஈரோட்டுப் பக்கம், சிவகிரி. என்ற பேரு தெய்வானை. இந்த அமெரிக்காக்கு வந்து இருபத்தாறு வருசம் ஆச்சு, இன்னும் பேச்சு மட்டும் மாறல பாருங்க. உக்காருங்க, காப்பி வெக்கறேன்.

என்ன கேட்டீங்க? பஸ்ஸா? தெருமுனையில பெஞ்ச் கெடக்குதே, அதப் பாத்துட்டுக் கேக்கறீங்களா? சொல்றேன், சொல்றேன். மொதல்ல நீங்க பாக்க வந்த பக்கத்து ஊட்டப் பத்திச் சொல்லிப்போடறேன். நெம்ப நல்ல ஊடுங்க. பேஸ்மெண்ட்ல ஒரு சொட்டுத் தண்ணி எறங்காது. ஹீட்டர் புதுசு. பின்னாடி வெயில் நல்லா அடிக்கும், கோடையில தக்காளி, கத்திரி, பொடலங்கா எல்லாம் போடலாம், நான் நாத்துத் தர்றேன். நீங்க வந்தீங்கன்னா எனக்கும் பேச்சுக்கு ஒரு ஆளாச்சு. என்ற மக சியாட்டில்ல இருக்கறா. என்ற ஊட்டுக்காரர் காலையில கம்ப்யூட்டர் முன்னாடி உக்காந்தா, சாப்பிடக் கூப்பிட்டாக்கூடக் கைய ஆட்டறதோட சரி. மார்லீன் போனதுக்கு அப்பறம் இந்தத் தெருவுல எனக்கு ஒரு நாதி இல்லீங்க.

மார்லீன்தான் அந்த ஊட்டுக்காரம்மா. எழுபதுக்குப் பக்கம் வயசு. புருசன் போய்ப் பல வருசமாச்சு. கண்ணுல நடுவுல மட்டும் தெரியாத வியாதி, பாவம். ஓரத்துல தெரியும். அதனால நம்மகிட்டப் பேசறப்ப நம்ம மூஞ்சியப் பாக்காம, காது பக்கமாப் பாத்துப் பேசும். மொதல்ல எனக்கு என்னடா இந்தம்மா மொகம் குடுத்துப் பேசமாட்டேங்குதுன்னு இருந்துச்சு. பொறகுதான் தெரிஞ்சுது, அது அப்படிப் பாத்தாத்தான் நம்ம மொகமே தெரியுமாம்.

கண்ணு அப்படியிருக்கறதுனால கார் ஓட்டப்படாது. அதுக்கு ஒரு மக, ட்ரேசின்னு. ஒடம்பு நாப்பது வயசு, மனசு நாலு வயசு. ஊருக்கு அந்தக் கோடியில அப்படிப்பட்டவங்களப் பாத்துக்கற ஒரு இல்லத்துல இருக்குது. மார்லீன் ஞாயித்துக்கெழமை ஞாயித்துக்கெழமை பதினாலாம் நம்பர் பஸ் ஏறிப் போயிரும். மழை, பனி எதுவும் பாக்காது. பனி கொட்டற அன்னிக்கு அதுவே பனி வார்ற மம்பட்டிய எடுத்துட்டுப் போயி, அந்த பெஞ்சச் சுத்திச் சுத்தம் பண்ணிட்டு உக்காந்திருக்கும். நான் ஜன்னல்ல இருந்து பாப்பேன். அந்த வயசுல அதுக்கு இருந்த பிடிவாதம் எனக்கு வராதுங்க.

அப்பறம் இந்த சிட்டி கவுன்சில்காரங்க பதினாலாம் நம்பர நிறுத்தப்போறோம்னு சொன்னாங்க. நம்ம ஊர்ல வார்டு மெம்பர் இருப்பாங்கல்லீங்க, அந்த மாதிரிதான் இங்கயும். எங்க வார்டுக்கு டால்ட்டன்னு ஒருத்தர். மக்கள் வந்து பேசலாம், ஆளுக்கு மூணு நிமிசம்னு கூட்டம் போட்டாங்க. மார்லீன் என்னையத் தொணைக்குக் கூப்பிட்டுச்சு. போனேன். மைக்கு முன்னாடி நின்னு அது சொல்லுச்சு: “என் மக ஞாயித்துக்கெழமை காலையிலயே எந்திரிச்சு, கோட்டப் போட்டுக்கிட்டு ஜன்னல்கிட்ட உக்காந்துக்குவா. உள்ள இருக்கறப்ப எதுக்குக் கோட்டுன்னு கேட்டா, அம்மா வர்றா, வெளிய போகணும்பா. நான் போற வரைக்கும் கழட்டமாட்டா.” அம்புட்டுதான் பேசுச்சு. மிச்சம் ரெண்டு நிமிசம் இருந்துச்சு, வந்து உக்காந்துருச்சு. நான் ஓன்னு அழுதுட்டேன். டால்ட்டன் குனிஞ்சு செல்போனப் பாத்துட்டிருந்தாரு.

திரும்பி வர்றப்ப கார்ல மார்லீன் சொல்லுச்சு: “தேவி, நான் அந்தாளுக்கு எதிரா நிக்கப்போறேன்.” தெய்வானைன்னு வராது அதுக்கு, தேவிங்கும். நானும் அந்த ஆவேசத்துல, “நில்லுங்க மார்லீன், நானிருக்கறேன்”னுட்டேன். நீங்களா இருந்தாலும் அப்படித்தான சொல்லியிருப்பீங்க? கண்ணுல தண்ணியோட ஒரு பொம்பள கேட்டா வேற என்னங்க சொல்லமுடியும்?

காப்பி சக்கர போதுங்களா? இந்தாங்க முறுக்கு. கடையில வாங்கினதில்ல, நான் சுட்டது.

மார்லீன் நின்னுச்சு. வாசல்ல தன்ற பேரும் பதினாலாம் நம்பர் பஸ்ஸும் போட்ட எலெக்சன் போர்டு நட்டுச்சு. என்ற ஊட்டு வாசல்லயும் ஒண்ணு நட்டுச்சு. சாயங்காலம் ஆனா இங்க வந்துரும். நீங்க உக்காந்திருக்கற சேர்லதான் உக்காரும். நான் இட்லி வெப்பேன், தேங்காச் சட்னிய ஸ்பூன்ல வழிச்சுத் திங்கும். தெருப்படத்தப் பெருசா அச்செடுத்து வெச்சிருந்துச்சு. போயிட்டு வந்த தெருவுக்கெல்லாம் கிரேயான்ல பச்ச அடிக்கும், அதுக்கு அந்த மாதிரிக் கெட்டியா அடிச்சாத்தான் தெரியும். ஓட்டுக் கேட்டு ஊடு ஊடா நடந்தே போச்சுங்க. கண்ணு தெரியாம படியில தட்டி விழுந்து முட்டியச் செராச்சுக்கிட்டு வந்துச்சு, நாந்தான் மஞ்சப் பூசி விட்டேன்.

ஒரு நா குளத்துக்கு அந்தப் பக்கம் இருக்கற புது ஊடுங்களக் காட்டி, “இங்கதான் நெறைய ஓட்டு இருக்கு, இனி ரெண்டு மூணு வாரம் இங்கதான் நடக்கணும்”னுச்சு. அது பூரா நம்மாளுங்க. தமிழ், தெலுங்கு, எல்லாம் ஐ.டி. குடும்பம். பாதிக்கு மேல சிட்டிசன் ஆயிட்டாங்க. அந்த முட்டியப் பாத்தேன். மனசு கேக்கல. “நீங்க அங்க அலையாதீங்க மார்லீன். அது எங்க சனம். நான் பாத்துக்கறேன்”னு சொன்னேன். எந்திரிச்சு வந்து கட்டிப் புடிச்சுக்குச்சுங்க. அப்பறம் அந்தத் தெருவுங்க அத்தனைக்கும் அங்கயே உக்காந்து பச்ச அடிச்சுருச்சு. நான் இன்னும் ஒருத்தர்கிட்டயும் பேசவே இல்ல, அதுக்குள்ள பச்ச.

நான் சொன்னப்ப நெசமாத்தான் சொன்னேன் தம்பி. அத நீங்க நம்பணும்.

நடுவுல நம்ம தமிழ்ச் சங்கம் வந்துச்சு. திருமூர்த்தின்னு தலைவர், உடுமலைக்காரர், தங்கமான மனுசன். பொங்கல், தீவாளின்னா இங்க நமக்கு எடமில்லீங்க. ஸ்கூல் ஜிம்ல வாடகைக்கு எடுத்து, பேஸ்கட்பால் கூடைக்குக் கீழ நின்னு குத்துவெளக்கு ஏத்தறோம். அதுக்காக மூடிக் கெடந்த ஒரு மெத்தக்கடைய வாங்கி மண்டபமாக்கலாம்னு சங்கத்துல பேசியிருந்தாங்க. அதுக்குக் கவுன்சில்ல அனுமதி வேணும். தீவாளி விழாக்கு டால்ட்டன் வந்தாரு. பொன்னாடை போத்தினாங்க. வணக்கம்னாரு. கையில எடுத்துச் சாம்பார் சாதம் சாப்புட்டாரு, மொழங்கை வரைக்கும் வழிஞ்சுச்சு. நம்ம பசங்க விசில் அடிச்சுக் கெடந்தாங்க. அனுமதி நான் வாங்கித் தர்றேன்னாரு.

திருமூர்த்தி என்ற பக்கத்துல வந்து, “அக்கா, நம்ம ஓட்டு மொத்தமும் இவருக்குத்தான். குளத்துப் பக்கம் நம்ம பொம்பளைங்ககிட்ட நீங்க ஒரு வார்த்த சொல்லிருங்க. உங்க பேச்சுன்னா கேப்பாங்க”ன்னாரு. நான் என்ன சொன்னேன்? “ஆகட்டுங்க”ன்னேன்.

நம்ம பக்கத்துப் பழக்கம் உங்களுக்குத் தெரியாததா? எலெக்சன் வந்தா ரெண்டு கட்சிக்காரனும் கும்புட்டுட்டு வருவான். எங்கய்யன் ரெண்டு பேருக்கும் மோரு குடுத்து, “ஆகட்டுங்க, உங்களுக்கில்லாமயா”ன்னு அனுப்பி வெப்பாரு. அதப் போயிப் பொய்யின்னு யாராச்சும் சொல்லுவாங்களா? மூஞ்சிக்கு நேரா இல்லீன்னு சொன்னாத்தான் தப்பு. வந்தவனுக்கும் தெரியும் இது சும்மா மரியாதைன்னு. இங்கதான் அது தெரியறதில்ல. ஷ்யூர்னு சொல்லிட்டா, ஷ்யூர்னே எடுத்துக்கறாங்க. அது என்ற தப்பாங்க?

ரெண்டு பக்கமும் சொல்லியாச்சா, அப்பறம் எனக்குக் குளத்துக்கு அந்தப் பக்கம் போகவே காலு வரல. போனா என்ன பேசறது? மார்லீனுக்குப் போடுங்கன்னு சொன்னா திருமூர்த்தி மொகத்துல எப்படி முழிக்கறது? டால்ட்டனுக்குன்னு சொன்னா மார்லீன் சாயங்காலம் வந்து இந்தச் சேர்ல உக்காருமே. அதனால நான் யார்கிட்டயும் ஒண்ணும் பேசல. யாருக்கும் துரோகம் பண்ணல. பண்ணலதானுங்களே?

மார்லீன் கேக்கும், “குளத்துப் பக்கம் எப்படிப் போகுது தேவி?”ன்னு. “குட், குட்”னு இட்லியத் தட்டுல வெப்பேன். அது என்ற காதப் பாத்துச் சிரிக்கும். அப்படிப் பாத்தாத்தான் அதுக்கு மொகம் தெரியும்னு சொன்னேனில்லீங்க? நான் சித்த மொகத்தத் திருப்பிக்குவேன். எதுக்குன்னு எனக்கே தெரியாது.

ஓட்டுப் போடற அன்னிக்கு நாந்தான் கார்ல கூட்டிட்டுப் போனேன். கண்ணு தெரியாதவங்க ஒருத்தரத் தொணைக்கு வெச்சுக்கலாமாம். என்னையத்தான் கூப்பிட்டுச்சு. அந்தத் தட்டி மறைப்புக்குள்ள நிக்க வெச்சு, “என் பேர் எங்கிருக்கு, காட்டு தேவி”ன்னுச்சு. வெரலப் புடிச்சு வெச்சுக் காட்டினேன். மார்லீன் பேர் மேலதான் அடிச்சோம், அதுல ஒரு தப்பும் நடக்கல, சாமி சத்தியமா.

அப்பறம் என்ற ஓட்டு. அத என்ற ஊட்டுக்காரர்கிட்டக்கூடச் சொன்னதில்ல. உங்ககிட்டச் சொல்றேன். மேயருக்குப் போட்டேன். ஜட்ஜுக்குப் போட்டேன். எங்க வார்டு வந்துச்சா, ரெண்டு பேரும் மேலயும் கீழயும் இருந்தாங்க. பேனாவ வெச்சுட்டு நின்னேன். ஒருத்தருக்குப் போட்டா இன்னொருத்தருக்குச் சொன்ன சொல்லுப் பொய்யாயிருமே. அதனால ரெண்டு பேருக்கும் போடாம அப்படியே மடிச்சுப் போட்டுட்டேன். அப்ப எனக்கு நெம்ப நியாயமாப் பட்டுச்சு தம்பி. ஆரு மனசையும் நோகடிக்காம வந்துட்டமேன்னு, வர்ற வழியில மார்லீனுக்கு ஐஸ்கிரீமெல்லாம் வாங்கிக் குடுத்தேன்.

தோத்துருச்சு. நாப்பத்திச் சொச்ச ஓட்டுல. குளத்துப் பக்கத்துல மட்டும் நம்ம ஓட்டு அதவிட நாலு மடங்கு இருக்கும்.

மறுநா கதவத் தட்டுச்சு. அழுதுட்டு வந்திருக்கும்னு நெனச்சேன். கையில பூசணிக்கா கேக்கு. “உன்ற சனத்துக்கு நன்றி சொல்லு தேவி. அவங்களால ஆனதப் பண்ணியிருப்பாங்க. இந்த ஊர்ல எனக்காக நடந்தவ நீ ஒருத்திதான்”னுச்சு. அந்தக் கேக்க என்ன பண்றது? திங்கவும் முடியல, குப்பையில போடவும் முடியல. கடேசில என்ற ஊட்டுக்காரர் தின்னாரு, நல்லாருக்குதுன்னு வேற சொன்னாரு. எனக்கு வந்துச்சே கோவம்!

இன்னொண்ணு சொல்றேன் கேளுங்க. ஒரு வாரம் கழிச்சு திருமூர்த்தியோட சம்சாரம் கோமளா வந்துச்சு. பக்கத்து வாசல்ல அந்த போர்டப் பாத்துட்டு, “உங்க பக்கத்து ஊட்டம்மாவா நின்னாங்க? பஸ்ஸுக்காகவா? ஏனுங்கக்கா ஒரு வார்த்த சொல்லல? எங்க மாமனார் மாமியார் வந்தா அந்தப் பதினாலுலதான கோயிலுக்குப் போவாங்க. எங்க தெருவுல பூரா வயசானவங்களுக்கு அந்த பஸ்தான். தெரிஞ்சிருந்தா இவரு சொன்னா மட்டும் டால்ட்டனுக்குப் போட்டிருப்பமா?”ன்னுச்சு. நான் அடுப்பப் பாக்கற மாதிரி உள்ள போயிட்டேன். அடுப்புல ஒண்ணுமில்ல. கழுவின பாத்திரத்தையே மறுபடியும் கழுவிட்டிருந்தேன்.

பஸ்ஸ நிறுத்திட்டாங்க. கம்பத்தப் புடுங்கிட்டுப் போயிட்டாங்க, அந்த பெஞ்ச மட்டும் எதுக்கோ விட்டுட்டாங்க. மண்டபத்துக்கு அனுமதி வந்துச்சு, அதுல டால்ட்டன் சொன்ன சொல்லக் காப்பாத்திட்டாரு. பொங்கலுக்கு அங்கதான் குத்துவெளக்கு ஏத்தினோம். அந்த மெத்தக்கடையும் பதினாலு போற ரோட்டு மேலதான் இருக்குது. வண்டி ஓட்டத் தெரியாத பெருசுங்க ஆரும் வரல.

மார்லீன்கிட்ட நான் சொன்னேன், “பஸ் போனாப் போகுது, ட்ரேசியப் பாக்க நான் கூட்டிட்டுப் போறேன். நான் பாத்துக்கறேன்”னு. கூட்டிட்டும் போனேன் தம்பி, இல்லீன்னு சொல்லல. ரெண்டு ஞாயித்துக்கெழமை போனேன். கார் உள்ள நொழையறப்பவே தெரிஞ்சுது, ஜன்னல்ல செவப்புக் கோட்டு. அப்படியே ஓடி வந்துச்சு அந்தப் புள்ள, கோட்டு பட்டனெல்லாம் மாத்தி மாத்திப் போட்டிருந்துச்சு. என்னையும் கட்டிப் புடிச்சுச்சு. மூணாவது ஞாயித்துக்கெழமை மண்டபத்துக்குப் பெயிண்ட் அடிக்கப் போகணும்னு திருமூர்த்தி கூப்பிட்டாரு. அதுக்கடுத்தது பனி. அப்பறம் என்ற முதுகு வலி. மார்லீனும் கேக்கறத நிறுத்திருச்சு. அதுவாக் கேட்டாப் போகலாம், கேக்காதவங்க ஊட்டுக் கதவ எப்படிங்க போயித் தட்டறது? ஒரு பத்தடிதான் இருக்கும் ரெண்டு ஊட்டுக்கும் நடுவுல. ஞாயித்துக்கெழமை காலையில அது கெளம்பி, வாசல்ல நின்னு, திரும்ப உள்ள போறத நான் ஜன்னல்ல இருந்து பாத்திருக்கறேன். கோட்டப் போட்டுட்டு அந்தப் புள்ள அங்க உக்காந்திருக்கும்னு எனக்கும் தெரியும். தெரிஞ்சும் பருப்பு வேகவெச்சுட்டு நின்னிருக்கறேன் தம்பி. ஏன்னு கேட்டீங்கன்னா, கார்ல பக்கத்துல உக்காந்து அது மறுபடியும் எனக்கு நன்றி சொல்லும். அது என்னால தாங்க முடியல.

தை மாசம் ஊட்டப் பூட்டிட்டு, இல்லத்துக்குப் பக்கத்துலயே ஒத்த ரூமுக்குப் போயிருச்சு. நாப்பது வருசம் இருந்த ஊடு. போறப்பவும் கட்டிப் புடிச்சுட்டுத்தான் போச்சு. ஒரு நா வர்றேன், வந்து பாக்கறேன்னு சொல்லியிருக்கறேன்.

அதானுங்க அந்த பெஞ்சோட கதை. இதுல என்ற மேல தப்புன்னு ஆராச்சும் சொன்னா நான் ஒத்துக்கமாட்டேன். தோத்ததுக்கு ஆயிரம் காரணம் இருக்கும்.

ஏன் தம்பி, காப்பிய அப்படியே வெச்சுட்டீங்க? என்ன? உங்க ஊட்டுக்காரிக்கா? அடக் கடவுளே. எப்ப வந்துச்சு வலிப்பு? அதனால வண்டி ஓட்டக்கூடாதுன்னுட்டாரா டாக்டர்? டவுன் ஆஸ்பத்திரி லேப்ல வேலையா? அந்த வேல இல்லீன்னா விசாக்கே சிக்கலா? அதுக்குத்தான் வந்ததும் வராததுமா பஸ்ஸக் கேட்டீங்களா? நாந்தான் ஊடு, பொடலங்கான்னு பேசிக்கிட்டே இருந்துட்டேன்.

அதுக்கென்னங்க தம்பி! இதுக்குப் போயி மொகத்த இப்படி வெச்சுக்கறீங்க. நான் தெனமும் டவுன் பக்கம் போறவதான். என்ற கார்லயே ஏத்திக்கறேன். எனக்கும் மக மாதிரி ஆச்சு. நீங்க அதப் பத்தி ரோசிக்கவே வேண்டாம். நான் பாத்துக்க...

இருங்க. எந்திரிக்காதீங்க. சித்த இருங்க தம்பி.

நான் தெனமும் டவுனுக்குப் போறதில்லீங்க. வாரத்துல ஒருக்கா மளிகைக்குப் போறது, அதும் இந்தப் பக்கந்தான். இப்பச் சொன்னது பொய்யி. சொல்றப்ப எனக்கே அது நெசம் மாதிரித்தான் இருந்துச்சு. மார்லீன்கிட்டச் சொன்னப்பவும் இப்படித்தான் இருந்துச்சு. மூணு வாரம் உங்க ஊட்டுக்காரியக் கூட்டிட்டுப் போவேன். அப்பறம் எனக்கு முதுகு வலிக்கும்.

இந்த ஊட்ட வாங்காதீங்க தம்பி. நீங்க வந்தா எனக்கு எப்படியிருக்கும்னு எனக்குத்தான் தெரியும். இருந்தாலும் வாங்காதீங்க. ஆத்துக்கு அந்தப் பக்கம் பதினொண்ணாம் நம்பர் இன்னும் ஓடுது, நேரா ஆஸ்பத்திரி வாசல்ல நிக்கும். அங்க பாருங்க. என்னைய மாதிரி ஆளுங்க சொல்றத நம்பி ஒரு பொம்பளயத் தெருவுல நிக்க வெச்சுராதீங்க.

அதோ, ஏஜெண்ட் அம்மா கார் வந்துருச்சு. போயி வேண்டாம்னு சொல்லிப்போடுங்க. நானா? இல்லீங்க தம்பி, நீங்களே போயிச் சொல்லிருங்க. அந்தம்மா மொகத்தப் பாத்தா எனக்கு ஆகட்டுங்கன்னுதான் வாயில வரும்.